கூட்டம் மட்டும் போதாது, வேலை நிற்க வேண்டும்

கூட்டம் கூடிவிட்டாலே அரசாங்கம் அசைந்துவிடும் என்று இப்போது பல இளையர்கள் நம்புகிறார்கள். இலங்கையின் 2022 போராட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் போட்ட கூடாரங்களைத்தான் சொல்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏப்ரல் 28ம் மே 6ம். தொழிற்சங்கங்கள் அழைத்த வேலைநிறுத்தங்களால் நாடே முடங்கிய நாட்கள் அவை. மே 9ஆம் தேதி பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். அன்று அவருடைய ஆதரவாளர்கள் திடலில் நடத்திய தாக்குதல்தான் உடனடிக் காரணம், சரி. ஆனாலும் திடலில் உட்கார்ந்திருப்பவர்களை நாள்கணக்கில் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம். ஓடாத ரயிலை அப்படி விட முடியாது.

நமக்கு இது புதிதல்ல. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலிக்காகவும் விடுமுறைக்காகவும் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள், கோரிக்கை வென்றது. மார்ச் 12இல் இருவரும் கைதானதும் அதே தொழிலாளர்கள் மறுபடி மில்லைவிட்டு வெளியே வந்தார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல. அவர்களுக்கு வயிற்றுப்பாடும் ஊர்ப்பிரச்சினையும் வேறுவேறாகத் தெரியவில்லை.

சிங்கப்பூரிலும் அப்படித்தான் இருந்தது. 1952 மே மாதம் சுமார் 500 தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. பத்திரிகையில் அவர்கள் பக்கம் எழுதியவர் நம் எஸ். ராஜரத்தினம். கடிதம் வராமல் தவித்த ஊர், தபால்காரர் பக்கமே நின்றது. இன்றும் சிங்கப்பூரை ஆளும் மக்கள் செயல் கட்சியை 1954இல் தொடங்கியவர்களில் தொழிற்சங்கத்துக்காரர்களும் இருந்தார்கள்.

1955 என்றாலே நமக்குச் சொல்லித்தரப்படுவது ஹாக் லீ பேருந்துக் கலவரமும் நான்கு உயிர்களும்தான். அதே ஆண்டு துறைமுகக் கிளார்க்குகள் 67 நாள் வேலைக்குப் போகாமல் நின்றதை யாரும் சொல்வதில்லை. சம்பளமில்லாத 67 நாள்! வீட்டு வாடகை, அரிசி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்த ஒரு சங்கம் இல்லாவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. சங்கத்தின் வழியாக நடக்காத போராட்டத்தின் கதியை 2012 நவம்பரில் பார்த்தோம். சீனாவிலிருந்து வந்த 171 பேருந்து ஓட்டுநர்கள் முதல் நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், 29 பேர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

இன்று நம் சிங்கப்பூர்ச் சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. தன் தொழிலுக்குள் எழுந்த தகராறுக்காக மட்டுமே வேலைநிறுத்தம் செய்யலாம். வேறு நோக்கம் இருந்தால் அது சட்டவிரோதம். அரசாங்கம், முதலாளிகள், சங்கங்கள் சேர்ந்து நடத்தும் முத்தரப்புப் பேச்சுவார்த்தையால் பல குடும்பங்களின் வருமானம் உயர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலி தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். லோரியின் பின்புறம் பாதுகாப்பில்லாமல் உட்கார்ந்து வேலைக்குப் போகும் கட்டுமான ஊழியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனையோ பேர் நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பிள்ளைகள். அவர்களுக்காகத் துறைமுகத் தொழிலாளி ஒரு மணி நேரம்கூடக் கிரேனை நிறுத்த முடியாது.

வேலைநிறுத்தம்தான் முடியாது, பேசலாமே? சங்க உறுப்பினராக இருக்கும் நண்பர்களே, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சலுகைக் கூப்பன் பற்றிய பேச்சு முடிந்ததும் எழுந்து லோரிப் பயணத்தைப் பற்றி ஒரு தீர்மானம் கேளுங்கள். உறுப்பினராக இல்லாதவர்கள் முதலில் சேருங்கள்.