செல் பேசுறத சிப் "கேட்குது"ங்கிறது பத்தி ஒரு சின்ன திருத்தம்

மைக்ரோஃப்ளூயிடிக் சிப்புக்குள்ள, அதாவது மெல்லிசு வாய்க்கால்ல திரவத்த ஓடவிட்டு செல்கள வச்சு ஆராயுற சின்ன துண்டுக்குள்ள, எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கு, செல்கள் ஒண்ணுக்கொண்ணு அனுப்புற சிக்னல அதுதான் படிச்சு சொல்லுதுன்னு சிலர் சொல்றாங்க. சிப்புங்கிற பேர வச்சு அப்படித் தோணுறது சகஜம்தான், ஆனா இது சரியில்லைங்க.

பெரும்பாலும் அது பிடிஎம்எஸ்ங்கிற கண்ணாடி மாதிரி தெளிவான சிலிக்கோன் ரப்பர் துண்டு, அதுல தலைமுடி தடிமன் அளவுக்கு வாய்க்கால் வார்த்து ஒரு கண்ணாடித் தகடு மேல ஒட்டியிருப்பாங்க, அவ்ளோதான். செல்கள் பேசுறது மாலிக்யூல் வழியா, சிப் செய்யுறது அந்த மாலிக்யூல் எந்தப் பக்கம் போகணும்னு கட்டுப்படுத்துறது, செல்கள் காட்டுற பதில பாக்குறது மைக்ராஸ்கோப்.

2010ல ஹார்வர்ட் வீஸ் இன்ஸ்டிட்யூட்டோட நுரையீரல் சிப்பையே, அதாவது நுரையீரல் மாதிரி நடந்துக்குற சிப்பையே எடுத்துக்கோங்க. வெறும் 10 மைக்ரோமீட்டர் தடிமன்ல ஓட்டை ஓட்டையா ஒரு சவ்வு, மேல காத்துப்பக்க செல், கீழ ரத்தக்குழாய் செல். மேல பாக்டீரியாவ விட்டதும் கீழ ஓடிட்டிருந்த வெள்ளணுக்கள் ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டி, சவ்வுல நுழைஞ்சு மேல ஏறி வந்து பாக்டீரியாவ விழுங்குச்சு. அத நேரா படம் புடிச்சிருக்காங்க, எனக்கு இன்னும் பிரமிப்பா இருக்கு!

எலக்ட்ரோட், அதாவது மின் சிக்னல அளக்குற முனை, வச்ச சிப்பும் உண்டு, மறுக்கல, ஆனா அது கூடுதலா சேக்குறது.

சந்தேகம்னா நீங்க பாத்த ஆய்வுக்கட்டுரையில செய்முறை பகுதிய திறந்து சிப் எதுல செஞ்சாங்கன்னு பாருங்க, பிடிஎம்எஸ், அச்சு, கண்ணாடின்னு இருக்கும். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் கீழ எத வச்சு எடுத்தாங்கன்னு படிங்க.