வீட்டில் அரைத்தாலும் பூசணம் பூசணம்தான்

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் நாட்டு மசாலா பாக்கெட்டுகளில் கிருமி கொல்லப் போடும் எத்திலீன் ஆக்சைடு என்ற ரசாயனம் இருக்கிறது என்று நடவடிக்கை எடுத்தபோது என் டைம்லைன் முழுக்க ஒரே உபதேசம். "பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்க, மிளகாய் வத்தல் வாங்கி மில்லில் கொடுத்து அரைங்க." இன்னமும் யாராவது அதைப் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

செங்கல்பொடி, சாயப்பொடி கலப்படத்துக்குப் பயந்தால் வீட்டில் அரைப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வத்தல் மண்டிப் பக்கம் கொஞ்சம் புழங்கியவன் என்பதால் சொல்கிறேன், மிளகாயில் நான் அதிகம் பயப்படுவது மில்லுக்குப் போகும் முன்பே உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. பாக்கெட் கம்பெனிக்குப் போகிற வத்தலும் நம் தெரு மளிகைக்கு வருகிற வத்தலும் ஒரே மாதிரிக் களத்தில் காய்ந்தவைதானே.

அதன் பெயர் அஃப்ளடாக்சின். அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையும் அதன் பங்காளிகள் சிலவும் உண்டாக்கும் நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தீவனத்தில் போட்ட பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்தபோதுதான் இது அகப்பட்டது. நம் நாட்டிலும் பலி வாங்கியிருக்கிறது. 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மஹால் பகுதிகளில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, மஞ்சள் காமாலை கண்டு 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன.

வத்தலால் அப்படிக் கொத்தாகச் சாவு விழாது. மக்காச்சோளம் மாதிரி வயிறு நிறைய யாரும் மிளகாய் தின்பதில்லை. இங்கே பிரச்சினை கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் உள்ளே போவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளடாக்சினை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில் வைத்திருக்கிறது. குறி வைப்பது ஈரலை. ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

சரி, வத்தலுக்குள் இது எப்படிப் போகிறது? ராமநாதபுரம் பக்கம் மாசி, பங்குனியில் போனால் தெரியும். முதுகுளத்தூர், கமுதி சாலையோரம், கண்மாய்க்கரை, வெறுந்தரை என்று இடமிருக்கிற பக்கமெல்லாம் முண்டு மிளகாய் சிவந்து கிடக்கும். பார்க்க அழகுதான், போட்டோ எடுக்காதவன் பாவம். ஆனால் ராத்திரி பனி இறங்கும், திடீரென்று கோடை மழை கொட்டும். அரைகுறையாகக் காய்ந்ததை அவசரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் குவியலுக்குள் புழுங்கும். மேல்தோல் பளபளவென்று காய்ந்திருந்தாலும் காம்படியில் ஈரம் நிற்கும். ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கும்வரை பூஞ்சைக்கு அங்கே வேலை இருக்கிறது.

விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. சிமெண்ட் களம் இல்லாதவன் தரையில்தான் கொட்டுவான். எனக்கு ஆத்திரம் அதற்கடுத்த கட்டத்தில். நன்றாகக் காய்ந்த வத்தல் மூட்டை பிடிக்கும்போது நொறுங்கும், நொறுங்கினால் விலை போகாது. அதனால் சாக்கில் அமுக்குவதற்கு முன் குவியல்மேல் தண்ணீர் தெளிப்பது நான் கண்ணால் பார்த்த வழக்கம். வத்தல் வதங்கிக்கொடுக்கும், எடையும் ஏறும். வெயிலில் பத்து நாள் போராடி வெளியேற்றிய ஈரத்தைக் கால்மணி நேரத்தில் திரும்ப உள்ளே ஏற்றிச் சாக்கைத் தைத்துவிடுகிறார்கள். அந்த மூட்டை குடோனில் எத்தனை மாசம் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் வாங்கிய வத்தலில் ஒரு கைப்பிடி எடுத்துக் கிள்ளிப் பாருங்கள். வெளியே செக்கச்செவேல் என்று இருக்கும், உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பலும் பச்சையுமாகப் பொடி அப்பியிருக்கும். கிள்ளினாலொழியத் தெரியாது. மில்லில் கொட்டிவிட்டால் அதுவும் சேர்ந்து அரைபட்டு ஒரே சிவப்பாகிவிடும்.

"வறுத்து அரைத்தால் செத்துவிடாதா?" என்று கேட்பார்கள். பூஞ்சை சாகும். அது விட்டுப்போன நஞ்சு நம் வாணலிச் சூட்டுக்கெல்லாம் அசைந்து கொடுக்காது, அது சிதையவே 200 டிகிரிக்கு மேல் வேண்டும். மறுபடி வெயிலில் போடுவதும் அப்படித்தான், இனி வளராமல் தடுக்கும், வந்ததை எடுக்காது. அவ்வளவு கூச்சல் கிளப்பிய எத்திலீன் ஆக்சைடும் கிருமியைக் கொல்லத்தான், ஏற்கெனவே ஊறிய நஞ்சை அதாலும் எடுக்க முடியாது.

இனி அளவு விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய், மஞ்சள், மிளகு, இஞ்சிக்கு மொத்த அஃப்ளடாக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ மசாலாப் பொருட்களுக்கு வைத்திருப்பது 30. ஏற்றுமதி வத்தலைப் பரிசோதிக்க மத்திய அரசின் மசாலா வாரியமான ஸ்பைசஸ் போர்டுக்கு கொச்சி, குண்டூர், தூத்துக்குடி என்று ஆய்வகங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒருநாள் சிட்டிகை மிளகாய்த்தூள் போடுகிறவனுக்கு 10, காலைச் சட்னியிலிருந்து ராத்திரிக் குழம்புவரை மிளகாயில் மிதக்கிற நமக்கு 30. எந்தக் கணக்கில் இது நியாயம்? தின்கிறவனுக்குத்தானே கெடுபிடி அதிகம் வேண்டும்?

வத்தலோடும் முடிவதில்லை. பூசணம் பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால் அதே நஞ்சு பாலில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற வடிவத்தில் வந்து நிற்கும். 2019-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ வெளியிட்ட பால் ஆய்வில் தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் இது வரம்பு மீறியிருந்தது. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை நமதுதான். இரண்டு நாள் செய்தியாக ஓடியது, பிறகு பேச்சு மூச்சில்லை.

நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று வரம்பு வைத்துக் கருவி வைத்து அளக்கிறார்கள். நான் பார்த்த வத்தல் மண்டிகளில் கையில் அள்ளிக் குலுக்கி, விதை சலசலக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, நிறம் பார்த்து விலை சொல்கிறார்கள். அனுபவஸ்தர்கள்தான், ஆனால் காதுக்கு 10-க்கும் 14-க்கும் வித்தியாசம் தெரியாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் வத்தலுக்கும் ஈரப்பதக் கருவி வைத்து, காய்ந்த சரக்குக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை என்று வந்தால் தண்ணீர் தெளிப்பதில் யாருக்கு லாபம்? கூடவே ஊருக்கு நாலு சிமெண்ட் களம், மானியத்தில் தார்ப்பாய். பால் ஆய்வு மாதிரி மிளகாய்த்தூளுக்கும் மாவட்டவாரியாக மாதிரி எடுத்து முடிவை வெளியிட வேண்டும், பாக்கெட்டும் சரி, சில்லறையும் சரி.

வத்தல் விலை ஏறாதா என்றால், ஏறும். இப்போது கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற காசில் தெளித்த தண்ணீருக்கும் சேர்த்துத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?