சடுதி மாற்றம் எல்லா இடத்திலும் சமமாக வருவதில்லை
‘டிஎன்ஏவின் எந்த இடத்திலும் சடுதி மாற்றம் சம வாய்ப்போடு வரும்’ என்று சடுதி மாற்றம் (டிஎன்ஏவில் உள்ள மரபுச் செய்தி மாறிப்போவது) பற்றிய கட்டுரையில் இருப்பது சரியில்லை. மரபியலாளர் சீமோர் பென்சர், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான டி4 ஃபேஜை வைத்துச் செய்த வேலையே இதற்கு எதிர்ச்சாட்சி. டிஎன்ஏவில் ஆர்2 என்ற பகுதி பழுதான ஃபேஜ், தட்டில் வளரும் ஈ.கோலை பாக்டீரியாப் படலத்தில் பாக்டீரியா அழிந்துபோன பெரிய, விளிம்பு கூர்மையான வட்டத்தை உண்டாக்கும். கல்லூரி ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன், சாதாரண ஃபேஜின் மங்கலான சின்ன வட்டங்களுக்கு நடுவே சட்டென்று கண்ணில் படும். அப்படிப் பொறுக்கியெடுத்தவற்றை அவர் வரைபடமாக்கி 1961-இல் வெளியிட்டபோது, ஒரே இடத்தில் மட்டும் 500-க்கும் மேல் மாற்றங்கள் குவிந்திருந்தன. பல இடங்களில் ஒன்றே ஒன்று! டிஎன்ஏவின் ஒரே எழுத்து (வேதி அலகு) அடுத்தடுத்து வரும் இடத்தில் நகலெடுக்கும்போது இழை நழுவிவிடுகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. உயிரியின் தேவை பார்த்து மாற்றம் வராது என்பது வேறு விஷயம், அதில் கட்டுரையோடு எனக்குச் சண்டையில்லை.