யாரைக் கேட்டு நின்றார் ஷெர்லி சிஷம்?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். ஷெர்லி சிஷம் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வெள்ளை இனவெறியர்கள் அவரை எதிர்த்தார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. கூட நின்றிருக்க வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொண்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

1924-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா கயானாவிலிருந்தும் அம்மா பார்படோஸிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு ஆலை வேலை. அம்மா தைத்தார், வீட்டுவேலைக்கும் போனார். அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாமல், பார்படோஸில் இருந்த பாட்டியிடம் சில வருடங்கள் விட்டுவைத்தார்கள். படித்து முடித்த ஷெர்லி முதலில் சேர்ந்தது மழலையர் பள்ளி ஆசிரியை வேலையில்.

1968-ல் அவர் நாடாளுமன்றத்துக்கு நின்றபோது எதிரில் நின்ற ஜேம்ஸ் ஃபார்மரும் கறுப்பினத்தவர்தான். சிவில் உரிமைப் போராட்டத்தின் பெரிய தலைவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவரின் பிரசாரமே, வாஷிங்டனுக்கு ஓர் ஆண் குரல்தான் போக வேண்டும் என்ற ரீதியில் நடந்தது. ஷெர்லி பதிலுக்கு வசைபாடவில்லை. வாக்காளர் பட்டியலைப் பார்த்தார். தொகுதியில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். பெண்கள் குழுக்களைத் தேடிப் போனார், போர்ட்டோ ரீக்கோ மக்களிடம் ஸ்பானிய மொழியில் பேசினார். நடுவில் வயிற்றில் கட்டிக்கு அறுவை சிகிச்சை வேறு. அதையும் தாண்டி, இரண்டு மடங்குக்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். "என்னை யாரும் விலைக்கு வாங்கவும் முடியாது, ஆட்டிவைக்கவும் முடியாது" என்பதுதான் அவருடைய முழக்கம்.

சபைக்குள் போனதும் வேளாண்மைக் குழுவில் போட்டார்கள். அதிலும் காடுகளுக்கும் சிற்றூர்களுக்குமான துணைக்குழு. மரத்தைத் தேடிப் பார்க்க வேண்டிய நகரத் தொகுதியிலிருந்து வந்தவருக்குக் காடு! புதிதாக வந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம். ஷெர்லி எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் மாற்றக் கேட்டார். கடைசியில் முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். தன் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் படைவீரர்கள் அதிகம் என்றார் அவர்.

1972 ஜனவரியில், ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்கான போட்டியிலேயே களம் இறங்கினார். தான் கறுப்பினத்துக்கு மட்டுமான வேட்பாளர் இல்லை, பெண்களுக்கு மட்டுமானவரும் இல்லை, ஆனால் இரண்டிலும் பெருமைப்படுகிறேன் என்று அறிவித்தார். நடந்தது என்ன? கறுப்பின ஆண் தலைவர்கள் பலர், எங்களைக் கலந்துகொள்ளாமல் எப்படி நிற்கலாம் என்று முகம் சுளித்தார்கள். பெண்ணுரிமை இயக்கத்தின் பெரிய முகங்களோ, ஜெயிக்கக்கூடிய வெள்ளை ஆண் வேட்பாளர் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே இவரை வாழ்த்தினார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இடம் கிடைக்கவே வழக்குப் போட வேண்டியிருந்தது. கையில் பெரிய பணமும் இல்லை. ஆனாலும் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மயாமி மாநாடு வரை விலகவில்லை. அங்கே 152 பிரதிநிதிகளின் வாக்கு கிடைத்தது.

"யாரைக் கேட்டு நின்றாய்" என்ற கேள்வி எனக்குப் பழக்கமானது. எங்கள் சங்கத்தில் செயற்குழுவுக்கு என் பெயரைக் கொடுத்தபோது, "மேடம், யாரையும் ஒரு வார்த்தை கேக்காம கொடுத்துட்டீங்களே" என்றார்கள். அதே பதவிக்கு அதே நாளில் பெயர் கொடுத்த ஆணிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கறுப்பினத்தவராகப் பட்டதைவிடப் பெண்ணாக அதிகம் பாகுபாடு பட்டேன் என்று ஷெர்லி பின்னாளில் சொன்னது எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

அப்புறம் ஜார்ஜ் வாலஸ் விஷயம். கறுப்பின மாணவர்கள் நுழையக்கூடாது என்று 1963-ல் பல்கலைக்கழக வாசலில் போய் நின்ற அலபாமா ஆளுநர். 1972-ல் அதே போட்டியில் அவரும் இருந்தார். மே மாதம் ஒருவன் சுட்டதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஷெர்லி பார்க்கப் போனார். உங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டாராம் வாலஸ். என்ன சொல்வார்கள் என்று தெரியும், ஆனால் உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடாது என்றார் ஷெர்லி. வாலஸ் அழுதார். ஷெர்லியின் பிரசாரத்தில் வேலை செய்த இளம்பெண் பார்பரா லீயே கோபப்பட்டார். பின்னாளில் அவரும் நாடாளுமன்றம் போனார். இந்த இடத்தை நான் எத்தனை முறை யோசித்தாலும், ஷெர்லியின் நிலையில் நான் இருந்திருந்தால் அந்த அறைக்குள் போயிருக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, வீட்டுவேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்ற மசோதாவுக்காக ஷெர்லி ஓடியாடிக்கொண்டிருந்தார். தென் மாநில உறுப்பினர்களின் வாக்கு தேவைப்பட்டது. வாலஸ் அவர்களிடம் பேசி வாக்கு சேர்த்துக் கொடுத்தார். 1974-ல் சட்டம் வந்தது. அடுத்தவர் வீட்டில் கூட்டிப் பெருக்கி, துவைத்து, பிள்ளை பார்த்த லட்சக்கணக்கான பெண்களுக்கு, அதில் பெரும்பகுதி கறுப்பினப் பெண்களுக்கு, இவ்வளவுக்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் முதல் முறையாகச் சொன்னது. ஷெர்லியின் அம்மா பார்த்ததும் அதே வேலைதான்.