மலையிலேயே குளிர் இருக்கிறது, சோப்பு நுரை எதற்கு?

கடந்த ஆண்டு டிசம்பர் 24 ஆம் தேதி இரவு, வெப்பமண்டல மலை ஒன்றில் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் அமைந்த ஒரு விடுதியின் புல்வெளியில் குடும்பத்துடன் நின்றுகொண்டிருந்தேன். வெப்பமானி 11 டிகிரி காட்டியது. பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. எதிர்ச் சரிவிலிருந்து மூடுபனி மெல்ல ஏறி வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், கூரைமேல் பொருத்தியிருந்த ஓர் இயந்திரத்தை விடுதிக்காரர்கள் முடுக்கிவிட, எங்கள் தலைமீது சோப்பு நுரை கொட்டத் தொடங்கியது. "ஸ்னோ! ஸ்னோ!" என்று ஒலிபெருக்கி கூவியது. இளைய மகளின் கண்ணில் நுரை பட்டு எரிந்ததால் அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினோம். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மூடுபனி வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது. அதைப் பார்ப்பார் யாருமில்லை. எல்லோரும் நுரைக்குக் கீழே நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் வியர்வையில் வாழ்கிறவர்களுக்கு, கம்பளி போர்த்திக்கொண்டு கணப்பின் அருகில் உட்கார்ந்திருக்கும் இரண்டு இரவுகள் சிறிய பேறு அல்ல. நான் சொல்ல வருவது வேறு. வெப்பமண்டல மலைக்கென்று ஒரு குளிரும், ஒரு டிசம்பரும், ஒரு கிறிஸ்துமஸும் இருக்கின்றன. நமக்குப் பணம் வாங்கிக்கொண்டு விடுதிகள் விற்பது அவற்றை மறைத்துக் கட்டிய ஐரோப்பியப் படுதாவைத்தான்.

முதலில் குளிரை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் குளிர், பருவத்தால் வருவது. சூரியன் தாழ்ந்து பகல் சுருங்குவதால் நாடு முழுவதும் குளிர்ந்துபோகிறது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையிலுள்ள மலைகளிலோ குளிர் உயரத்தால் வருவது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது என்பதால், அடிவாரத்தில் 30 டிகிரியில் புறப்பட்ட வண்டி 2,000 மீட்டரை எட்டும்போது 17 டிகிரிக்குள் நுழைந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே போகப்போக, மாதத்துக்கு மாதம் உள்ள வேறுபாட்டைவிடப் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடே பெரிதாகிவிடும். காலை பத்து மணிக்கு முதுகில் வெயில் சுடும்; மாலை ஏழு மணிக்குக் கை விறைக்கும். ஒரே நாளில் கோடையையும் குளிர்காலத்தையும் பார்த்துவிடுகிறோம். இந்த விந்தையை எந்த விடுதியும் தன் விளம்பரத்தில் சொல்வதில்லை.

உறைபனியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நுரை இயந்திரத்துக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. மேகமற்ற, காற்றில்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனமான குளிர்காற்று சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நுவரெலியாவிலும் மேட்டில் உள்ள வீட்டு முற்றம் வெறுமனே நனைந்திருக்க, பள்ளத்துப் புல்வெளி விடியற்காலையில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சில நாட்களில் காணலாம். காற்றின் வெப்பம் சுழிக்கு மேலே 3 டிகிரி, 4 டிகிரி இருக்கும்போதே புல்நுனியில் நீர் உறைந்துவிடும். பார்க்க வேண்டுமானால் சூரியன் எழுவதற்கு முன் எழுந்து போக வேண்டும்; வெயில் பட்டதும் மறைந்துவிடும். நள்ளிரவுக்குப் பின்னும் டி.ஜே. இசையில் ஆடிவிட்டுப் பத்து மணிக்குக் காலை உணவுக்கு வருகிறவர்களுக்கு அது கிடைக்காது.

அலங்காரத்திலும் இதே கதைதான். நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறையில் பிளாஸ்டிக் தேவதாரு மரம் ஒன்றைப் பஞ்சு தூவி நிறுத்தியிருந்தார்கள். வாசலுக்கு வெளியே, மூன்று மாடி உயரத்துக்கு, அடுக்கடுக்காய்க் கிளைவிட்ட அரக்கேரியா மரம் நின்றது. வெப்பமண்டல ஊர்கள் பலவற்றில் கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைக்கப்படும் இந்த இனம் தென்பசிபிக் தீவுகளைச் சேர்ந்தது. பனி பெய்யும் நாட்டைப் பார்த்தறியாதது. உலகெங்கும் கிறிஸ்துமஸின் அடையாளமாகிவிட்ட சிவப்புப் பாயின்செட்டியாச் செடியின் பூர்வீகம் மெக்சிகோ. அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த ஜோயல் பாயின்செட் 1820களின் இறுதியில் அதைத் தன் நாட்டுக்கு அனுப்பியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் பூவிதழ் என்று நினைக்கும் சிவப்பு, உண்மையில் இலைதான். இரவு நீண்டால்தான் அது சிவக்கும் என்பதால், தெருவிளக்கின் கீழே நட்டுவைத்தால் பச்சையாகவே நின்றுவிடும். குளிர்நாடுகளில் அதைக் கண்ணாடிக் கூடத்துக்குள் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். இங்கே மலைப்பாதையோரம் ஆள் உயரத்துக்கு அது தானாகச் சிவந்து நிற்கிறது. விடுதியின் தோட்டத்திலும் நின்றது. மேசைகளின் மேல் இருந்தவையோ துணிப் பூக்கள்!

இந்த மலை ஊர்கள் எப்படி உருவாயின என்பதை நினைத்துப் பார்த்தால், படுதா எங்கிருந்து வந்தது என்பது புரியும். 1848 இல் நுவரெலியாவில் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர் பசுக்களையும் வேலையாட்களையும் இங்கிலாந்திலிருந்தே கொண்டுவந்தார். பிளேக் கிருமியைக் கண்டறிந்தவராகப் பின்னாளில் புகழ்பெற்ற அலெக்சாந்தர் யெர்சின் 1893 இல் சென்று பார்த்த வியட்நாம் மேட்டுநிலத்தில், பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஓய்வுக்காக தா லாட் நகரை எழுப்பினார்கள். பிலிப்பைன்ஸின் பாகியோவை அமெரிக்கர்கள் கோடைத் தலைநகராக்கி, சிகாகோவின் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாமைக் கொண்டு வரைபடம் போட்டார்கள். வெக்கையிலும் காய்ச்சலிலும் வாடி, இனி ஊர் திரும்புவோமா என்று ஏங்கியவர்கள் தங்கள் ஊரின் சாயலை மலைமேல் கட்டிக்கொண்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த ஏக்கம் அவர்களுடையது. பனிப்பொழிவையே கண்டிராத நாம் அதற்காக ஏங்குவதுபோல் நடிப்பது, யாரோ ஒருவருடைய பாட்டியின் நினைவுநாளில் நாம் போய் அழுவதைப் போன்றது. அவர்கள் கட்டியவற்றிலும்கூட இந்த மண் கலந்தே இருக்கிறது: 1829 இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் மரங்கள், சீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை.

"மலைமேல் கிறிஸ்துமஸ் என்றாலே வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்தானே" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. எத்தியோப்பியாவின் லாலிபெலா ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில், வெப்பமண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. பாறையைக் குடைந்து செதுக்கிய 11 தேவாலயங்கள் அங்கே பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. அவர்களுடைய நாட்காட்டிப்படி கிறிஸ்து பிறப்பு ஜனவரி 7 அன்று வருகிறது; வெள்ளைப் பருத்தி போர்த்திய யாத்திரிகர்கள் மலைக்குளிரில் இரவெல்லாம் விழித்திருந்து வழிபடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்களும் விடியுமுன் திருப்பலி நடக்கும். பாகியோ போன்ற மலை நகரில் அந்த நேரத்துக்கு எழுந்து நடப்பதே ஒரு தவம். மலைக்கும் குளிருக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையே உள்ள உறவுக்கு நுரை தேவைப்படவில்லை என்பதற்கு இவற்றைவிட வேறென்ன சான்று வேண்டும்?

போகிறவர்களுக்கு அனுபவத்தில் சில சொற்கள். எல்லா மலையிலும் டிசம்பர் ஒன்றல்ல. பாகியோவிலும் தா லாட்டிலும் அது வறண்ட, தெளிந்த மாதம். மலேசியாவின் கேமரன் மலையில் மழை தொடரக்கூடும். ஜாவாவின் மலைகளில் மழைக்காலமே நடந்துகொண்டிருக்கும். 'குளுகுளு கிறிஸ்துமஸ்' என்ற ஒரே விளம்பரத்தை நம்பி எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியைக் கட்டாதீர்கள். வெயில் சுடவில்லையே என்று தொப்பியில்லாமல் திரியவும் வேண்டாம். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்கள் வலுக்கும், குளிர்காற்று அதை உணரவிடாது.

இன்னொன்றைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். பல மலை விடுதிகளின் அறைகளில் வெப்பமூட்டும் வசதி இருக்காது. கேட்டால் கரி அடுப்பொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். புகைபோக்கி இல்லாத, மூடிய அறையில் கரி எரித்துக்கொண்டு உறங்கவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். இரண்டு கம்பளிகள் கூடுதலாகக் கேளுங்கள். ஒரு வெந்நீர்ப் பை போதும்.

அன்றிரவு எங்களுக்கு உணவு பரிமாறிய இளைஞர் ஒருவர், தலையில் சிவப்புத் தொப்பியுடன், அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்தேன். கீழ்த் தெருத் தேவாலயத்தில் நள்ளிரவுத் திருப்பலியாம். அவருடைய அம்மா பாடகர் குழுவில் இருக்கிறாராம். எங்கள் விருந்து முடிந்தபோது மணி 12:40. கிறிஸ்துமஸ் கொண்டாட மலையேறி வந்த எங்களில் பாதிப் பேருக்கு அது ஓர் உணவு வகைப் பட்டியல் மட்டுமே. அதைத் தன் பண்டிகையாகக் கொண்டவரோ தட்டு கழுவும் இடத்தில் நின்றார். விருந்தை ஒன்பதரைக்குள் முடித்துவிட்டால் எந்த விடுதியும் நொடித்துப் போய்விடாது. விருந்தினருக்கும் அந்தத் தேவாலயம் வரை நடந்து போய்வர நேரம் கிடைக்கும்.

இந்த ஆண்டு முன்பதிவு செய்வதற்கு முன் மூன்று விடுதிகளுக்கு இரண்டே கேள்விகளை எழுதி அனுப்பினேன்: நுரை இயந்திரம் உண்டா, 24 ஆம் தேதி இரவு விருந்து எத்தனை மணிக்கு முடியும்? இரண்டு விடுதிகள் கட்டண விவரத்தை மட்டும் அனுப்பின. மூன்றாவது விடுதி, ஒன்பது மணிக்கு முடியும், அதன்பின் ஊழியர்களில் பலர் கோயிலுக்குப் போய்விடுவார்கள், தேநீரை நாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தது. இயந்திரம் இருக்கிறதாம், பழுதாம். அங்கேயே அறை எடுத்துவிட்டோம்.