ஆயிரத்தில் ஒருவர்

என் சித்திக்கு இரண்டாவது பிரசவம் முடிந்த மூன்றாம் நாளே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். வயது 22. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நடவுக்கு ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள், போனார். வயிற்றைச் சுற்றிப் பழைய துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு முறை நிமிரும்போதும் அடிவயிற்றைக் கையால் பிடித்துக்கொள்வார். நான் வரப்பில் பாப்பாவை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சித்தப்பா செய்துகொள்ளலாமே என்று நர்ஸம்மா கேட்டிருக்கிறார். "பாடுபடுற ஆம்பளை உடம்புல கத்தி வைக்கிறதா" என்று அப்பாயி சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது. சித்தி நட்ட நடவு யாருக்கும் பாடாகவே தெரியவில்லை.

தமிழ்நாட்டில் குழந்தைப் பிறப்பு குறைந்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். சரி, பெருமைதான். ஆனால் அது யார் உடம்பில் நடந்தது? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் திருமணமான பெண்களில் 57 சதவீதத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர்.

இத்தனைக்கும் ஆண்களுக்கானதுதான் சின்ன சிகிச்சை. வயிற்றைத் திறக்க வேண்டாம், தையல்கூட இல்லை, கால் மணி நேரத்தில் முடிந்து அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று மாதம் ஆணுறை போட்டுக்கொண்டு, அப்புறம் ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். எமர்ஜென்சியில் ஆண்களைப் பிடித்துப் பிடித்துச் செய்த பயம் இன்னும் போகவில்லை என்பார்கள், அந்தக் கொடுமை உண்மைதான், ஆனால் அதற்குப் பிறகு அரசாங்கம் மொத்தச் சுமையையும் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டதே! 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில், ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள், எல்லாரும் ஏழை வீட்டுப் பெண்கள். இந்த மாதிரி முகாம்களையே நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டிவந்தது.

ஊரில் இதைப் பற்றிப் பேச வருகிறவர்களும் பெண்களிடம் மட்டும்தான் பேசுகிறார்கள், அதுவும் ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில். டீக்கடைக்கு வந்து, நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு வந்து, ஆண்களிடமும் பேசுங்கள். சுகாதாரத் துறையில் ஆண் ஊழியர்களும் இருக்கிறார்களே.

அன்றைக்கு வரப்பில் நான் வைத்திருந்த பாப்பாவுக்கு இப்போது இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது. "கையோட ஆபரேஷனையும் முடிச்சிடலாம்" என்று மாமியார் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள், அவளிடம் யாரும் கேட்கவில்லை. நேற்று மாப்பிள்ளைக்கு போன் போட்டு நேராகவே கேட்டேன், நீங்க செஞ்சுக்கலாமே என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், நேரில் உட்கார்ந்து பேச.