முடிவு வேறு மாதிரி வந்திருந்தால்?

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருபது வயதில் போனது, இன்றுவரை திரும்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு நான் மனம் மாறிவிட்டேன் என்று சிலர் நினைக்கக்கூடும். மாறவில்லை. ஆனால் சில மாதங்களாக ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். எல்லோரும் கடவுள் மறுப்பாளர்கள். போன வருடக் கடைசியில் நடந்த கூட்டத்துக்கு, பிரார்த்தனையைப் பற்றிய பழைய ஆய்வு ஒன்றை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். 2006-இல் அமெரிக்காவில் வெளியானது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காக முன்பின் தெரியாத சிலர் வேறு ஊர்களில் இருந்து பிரார்த்தனை செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்பது இந்த இரண்டு குழுவுக்கும் தெரியாது. மூன்றாவது குழுவுக்குப் பிரார்த்தனையும் நடந்தது, நடக்கிறது என்று சொல்லவும் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிக்கல் வந்தவர்கள் முதல் குழுவில் 52 சதவீதம், இரண்டாவதில் 51. மூன்றாவதில் 59.

அந்த 59-ஐ நான் வாசித்ததும் அறையில் கைதட்டல். ஒருவர் மேசையைத் தட்டினார். கைதட்டல் அடங்கியதும், சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார். எங்களோடு சேர்ந்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மடியில் நோட்டுப் புத்தகம், அதில் எண்களை எல்லாம் குறித்து வைத்திருந்தார்.

"ஒரு சந்தேகம். பிரார்த்தனை பண்ணின குழுவுக்குச் சிக்கல் குறைஞ்சிருந்தா, இந்த ஆய்வை இங்கே கொண்டுவந்து வாசிச்சிருப்பீங்களா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் முந்திக்கொண்டார். "நீங்க யார் பக்கம் தோழர்?" அவர் அதட்டவில்லை, சிரித்தபடிதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். "பக்கம் எதுவும் இல்லைங்க, கேட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

நான் அப்போது எதுவும் பேசவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையை அதுவரை நான் முழுதாகப் படிக்கவே இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். செய்தியில் வந்த சுருக்கத்தைப் படித்திருந்தேன், நமக்குச் சாதகமாக இருந்தது, எடுத்துக்கொண்டு போனேன்.

அப்புறம் படித்தேன். நோயாளிகளின் குடும்பத்தினரும் நண்பர்களும் அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வதை ஆய்வாளர்கள் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளுமே தம் வீட்டார் பிரார்த்தனை செய்வார்கள் என்றுதான் எதிர்பார்த்திருந்தார்கள். ஆக, அங்கே சோதிக்கப்பட்டது அறிமுகமில்லாதவர்கள் கூடுதலாகச் செய்த பிரார்த்தனை மட்டும்தான். அதற்குப் பலன் தெரியவில்லை என்பது உறுதியான, நல்ல முடிவு. எங்கள் கைதட்டல் அதைவிட ரொம்பப் பெரிய ஒன்றுக்காக இருந்தது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஆய்வுக்குப் பெரும்பகுதிப் பணம் கொடுத்தது, ஆன்மிகத்தையும் அறிவியலையும் சேர்த்து ஆராய நிதி தரும் ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளை. பிரார்த்தனையில் ஆர்வம் உள்ளவர்கள் பணம் போட்டு, பாதகமான முடிவு வந்தபோதும் அது வெளியாகியிருக்கிறது. எங்கள் குழு ஓர் ஆய்வுக்குப் பணம் போட்டு, முடிவு எங்களுக்கு எதிராக வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? நேர்மையாகச் சொன்னால், எனக்கு உறுதியில்லை.

நாத்திகம் மதத்தைப் போல இறுகிப்போகுமா என்று கேட்டால் நம்மவர்கள் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு. "நமக்கு வேதம் இல்லை, குரு இல்லை, சடங்கு இல்லை, எப்படி இறுகும்?" நானும் பல வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன். கடவுள் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்பது ஒரே ஒரு கருத்து. அதிலிருந்து ஒரு மதம் முளைக்காது என்பது சரிதான். ஆனால் ஒரு மதக்காரருக்குத் தன் கோட்பாடு எது என்று தெரியும். எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்கு உரை எழுதியிருக்கிறார்கள், அதை மறுத்து உள்ளேயே சண்டை போட்டிருக்கிறார்கள். நமக்குக் கோட்பாடே இல்லை என்று நாம் நம்புவதால், அது வந்து உட்கார்ந்த பிறகும் நம் கண்ணில் படுவதில்லை. "நீங்க யார் பக்கம்" என்ற கேள்வி எந்தப் புத்தகத்தில் இருந்து வந்தது? எதிலிருந்தும் இல்லை. தானாக வந்தது.

ஜார்ஜ் லெமேத்ர் என்று ஒரு பெல்ஜியக் கத்தோலிக்கப் பாதிரியார். இயற்பியலாளரும்கூட. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதினார். 1931-இல் இன்னும் ஒருபடி போய், எல்லாமே ஓர் ஆதி அணுவில் இருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். இங்கிலாந்தின் ஃபிரெட் ஹாயில் இதை ஏற்கவில்லை. நட்சத்திரங்களுக்குள் தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்பதை விளக்கியவர்களில் ஒருவர், பெரிய மூளை, அந்தக் காலத்தில் வெளிப்படையான நாத்திகர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற கொள்கையை 1948-இல் முன்வைத்தவர்களில் அவரும் ஒருவர். 'பிக் பேங்' (பெருவெடிப்பு) என்ற பெயர்கூட அவர் 1949-இல் பிபிசி வானொலியில் சொன்னதுதான்.

அவர் மறுத்ததற்கு நல்ல இயற்பியல் காரணமும் இருந்தது. அன்றைய அளவீடுகளின்படி பிரபஞ்சத்தின் வயது பூமியின் வயதைவிடக் குறைவாக வந்தது. அப்படியிருக்கும்போது சந்தேகப்படுவதுதான் முறை. ஆனால் தொடக்கம் என்ற சொல்லில் படைப்பின் வாடை அடிக்கிறது என்பதும் அவரை உறுத்தியது, அதை அவர் மறைக்கவில்லை. பிறகு அளவீடுகள் திருத்தப்பட்டன. சூடான தொடக்கத்தின் மிச்சமாகப் பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சை 1964-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எதேச்சையாகப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அது வெளியானதும் பெரும்பாலானவர்கள் பெருவெடிப்பின் பக்கம் வந்துவிட்டார்கள். ஹாயில் 2001-இல் இறக்கும்வரை வரவில்லை.

பாதிரியார் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற இந்தக் கருத்து படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்ற பொருளில் பேசினார். லெமேத்ருக்கு அதில் உடன்பாடில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, நம்புகிறவரும் நம்பாதவரும் அதை அவரவர் போக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலை. தன் மதத்துக்கே சாதகமாக வந்த ஒன்றை "இதற்கு அது ஆதாரம் ஆகாது" என்று தள்ளிவைக்க அவரால் முடிந்தது. 59 சதவீதத்துக்குக் கைதட்டிய அந்த அறையில் எங்களால் முடியவில்லை.

அதிகாரம் கையில் வந்துவிட்டால் இது இன்னும் மோசமாகும். புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில், புனிதர்களின் உடல் அழியாது என்ற நம்பிக்கையை உடைப்பதற்காக, 1919 வாக்கில் தேவாலயங்களில் இருந்த பேழைகளை மக்கள் முன்னால் திறந்து காட்டினார்கள். பலவற்றின் உள்ளே எலும்பும் துணியும்தான் இருந்தன. நல்ல பாடம்தான். ஆனால் ஐந்தே வருடத்தில், 1924 ஜனவரியில், லெனின் இறந்தபோது அதே அரசு அவர் உடலைப் பதப்படுத்தி மாஸ்கோவின் நடுவில் வைத்தது. மக்கள் வரிசையில் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த உடலைக் கடந்து போனார்கள். பேழைகளைத் திறக்கச் சொன்னவர்களுக்கு இதில் ஏதும் முரணாகத் தெரியவில்லை.

அல்பேனியா அதைவிடத் தூரம் போனது. 1967-இல் மசூதி, தேவாலயம் என்று எல்லா வழிபாட்டு இடங்களையும் மூடினார்கள். அரசு எந்த மதத்தையும் ஏற்காது, நாத்திகப் பிரச்சாரத்தை ஆதரிக்கும் என்று 1976 அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அதற்கு முந்தைய வருடம், கொள்கைக்குப் பொருந்தாத பெயர் வைத்திருப்பவர்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஆணை. தாத்தா வைத்த பெயரைக்கூட ஒருவர் வைத்துக்கொள்ள முடியாது. "அது நாத்திகம் செய்ததில்லை, சர்வாதிகாரம் செய்தது" என்று நம்மில் பலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மதத்தின் பெயரால் ஓர் அரசு கொடுமை செய்யும்போது, "அது மதம் செய்ததில்லை, அதிகாரம் செய்தது" என்று ஒரு பக்தர் சொன்னால் நாம் விடுகிறோமா? நான் விட்டதில்லை. அப்படியானால் இங்கேயும் விடக்கூடாது.

இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, நீங்களும் எங்களைப் போலத்தான்" என்று சொல்ல வருபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவர் அழுத்திப் பேசுவதாலேயே அது வெறி ஆகிவிடாது. ஆதாரம் கேட்பது வெறி இல்லை. மதத்தை விட்டு விலகியவருக்கு மரண தண்டனை கொடுக்கச் சட்டம் இடம் தரும் நாடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே ஒருவர் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். அவரையும், கூட்டத்தில் ஒரு பெண்ணின் கேள்வியைச் சிரித்து மூடிய எங்களையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. அவர் செய்தது மறுப்பு. நாங்கள் செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் நான் அதை வாசித்திருக்க மாட்டேன். வீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டை தேடியிருப்பேன். குடும்பத்தார் செய்த பிரார்த்தனையைக் கணக்கில் எடுக்கவில்லையே என்பதை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். பிடித்த முடிவிலும் அதே ஓட்டை இருந்தது, நான் தேடவில்லை. முன்கூட்டியே முறையை அறிவித்துவிட்டு, நம்பிக்கை இல்லாதவர்களும் சேர்ந்து நடத்தி, வேறு வேறு இடங்களில் திரும்பத் திரும்பச் செய்தும் பலன் தெரிந்தால், என் கருத்தை மாற்றிக்கொள்வேன். இதைக் காகிதத்தில் எழுதித் தேதி போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு நான் பின்வாங்கினால் யாராவது எடுத்துக் காட்டலாம்.

வரும் கூட்டத்தில் அதே ஆய்வை மறுபடி எடுக்கிறேன், இந்த முறை முழுக் கட்டுரையோடு. அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, அன்று நான் பேசாமல் இருந்தது தவறு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அந்த மூணாவது குழுவுக்கு ஏன் அதிகமாச்சுன்னு கட்டுரையில ஏதாவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். அனுப்பி வைத்திருக்கிறேன்.